வீட்டில் இஞ்சி பீர்: விஷத்தை விட்டுவிட்டு பாட்டிலைக் கவனியுங்கள்

முதல் தடவை இஞ்சி பீர் போடுகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே வெள்ளையாக ஏதோ மிதக்கிறதே, கெட்டுப்போச்சா? மெத்தனால் உண்டாகிவிடுமா? முட்டை அழுகின மாதிரி வாடை வருகிறதே, குடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்குமா? இவற்றில் பாதிக்கும் மேல் தேவையில்லாத பயம். நிஜமாகவே ஆளைக் காயப்படுத்தக்கூடியது மூடி இறுக்கிய பாட்டில். அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

இந்த வழிகாட்டியைச் சேலத்து வெயிலையும் ஏற்காட்டுக் குளிரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் "அறை வெப்பநிலையில் 3 நாள் வையுங்கள்" என்று போட்டிருப்பார்கள். அவர்கள் அறை 20 டிகிரி. நம் அறை மே மாதத்தில் 35 டிகிரி. அந்த 3 நாளை இங்கே அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

ஏன் பீர் இல்லை

பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் ஒரு கொடியின் பூ) போட்டு வீட்டிலேயே பீர் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது, சொந்த உபயோகத்துக்கு என்றாலும் சரி. அந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்ததே நம் மாவட்டத்தில்தான். ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தில் சேலத்தைத்தான் மதுவிலக்குக்கு முதலில் தேர்ந்தெடுத்தார்கள். இன்று வீதிக்கு வீதி அரசு மதுக்கடை இருப்பது வேறு கதை.

அதனால் இங்கே சொல்லப்போவது இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை போட்டுப் புளிக்கவைக்கும் குளிர்பானம். பேரில் பீர் இருந்தாலும் சரியாகச் செய்தால் சோடா மாதிரிதான் இருக்கும். ஆனால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும் எந்த இடத்திலும் கொஞ்சம் ஆல்கஹால் வரும். கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அது மதுபானம். அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதும் பாதுகாப்பு விஷயத்தில் சேர்த்திதான். எப்படி என்று பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

மெத்தனால் பயம்

நம் பக்கத்தில் இந்தப் பயம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கப்புறம் "புளிக்கவைத்த பானம்" என்றாலே பலருக்குக் குலை நடுங்குகிறது.

ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் புளிப்பு இல்லை. தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றதுதான் காரணம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் வருவது எத்தனால், கூடவே கார்பன் டை ஆக்சைடு. மெத்தனால் பழங்களில் இருக்கும் பெக்டின் உடைவதால் வருகிறது, அதுவும் மிகச் சொற்பமாக. கொதிக்கவைத்த இஞ்சித் தண்ணீரில் சர்க்கரை போட்டுச் செய்யும் பானத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். யாராவது "இதையே காய்ச்சி வடித்தால் என்ன" என்று யோசனை சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சட்டப்படியும் தப்பு, உடம்புக்கும் ஆபத்து.

எது காப்பாற்றுகிறது

பீருக்கு நாலு பக்கமும் காவல் உண்டு. சாறு முழுவதையும் கொதிக்கவைக்கிறார்கள், ஹாப்ஸ் சில பாக்டீரியாக்களை அடக்குகிறது, 4, 5 சதவீத ஆல்கஹால் இருக்கிறது, அமிலத்தன்மையும் இருக்கிறது. அதனால்தான் வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குக் கெட்டுப்போன பீரால் நாக்குதான் நொந்துபோகும், உயிருக்கு ஒன்றும் ஆகாது.

இஞ்சி பீரில் ஹாப்ஸ் கிடையாது, ஆல்கஹாலும் பேருக்குத்தான். மிஞ்சுவது அமிலம் மட்டும். பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராது. நமக்கு 4க்குக் கீழே வேண்டும். எலுமிச்சைச் சாறு ருசிக்கு மட்டும் என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். பூட்டு அதுதான். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பிஹெச் காகிதம் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும்.

படி 1: பாத்திரங்கள்

ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, ஒரு எவர்சில்வர் குண்டான், வடிகட்டி, புனல், பெட் பாட்டில்கள் (சோடா, கோலா வரும் பிளாஸ்டிக் பாட்டில்). பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் வேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். ஸ்டெயின்லெஸ் உருக்காலையே இருக்கிற ஊரில் எவர்சில்வருக்கு அலைய வேண்டியதில்லை.

ஜாடியையும் எவர்சில்வரையும் சோப்பு போட்டுத் தேய்த்து, சோப்பு வாடை போகிறவரை அலசி, கொதிநீர் விட்டு எடுங்கள். கண்ணாடியில் திடீரென்று கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் சூடு. பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறலில்தான் அழுக்கு தங்கும். சோடாவோ கோலாவோ வந்த பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். தண்ணீர் பாட்டில் மெலிசு, அழுத்தம் தாங்க அதைச் செய்வதில்லை.

படி 2: தாய்க்கரைசல்

பானத்தைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை முதலில் வளர்த்தெடுக்கும் கரைசல் இது. அரை லிட்டர் தண்ணீர், துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. ஜாடியில் கலக்கி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டுங்கள். துணி இறுக்கமாக இருக்கட்டும், பழ ஈ எப்படியாவது நுழைந்துவிடும்.

இஞ்சித் தோலைச் சீவ வேண்டாம். ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மண் போக அலசினால் போதும். சுக்கு உதவாது.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கவனம். மேட்டூரிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நம்மைக் காப்பாற்றுகிற அதே குளோரின் ஈஸ்ட்டையும் அமுக்கிவிடும். கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள். கேன் தண்ணீரும் சரிதான்.

சர்க்கரை வெள்ளையாகவே இருக்கலாம், நாட்டுச்சர்க்கரை என்றால் வேகமாகப் பொங்கும். வெல்லம் போடுவதாக இருந்தால் கறுப்பாக இருப்பதையே வாங்குங்கள். மஞ்சள் வெளேரென்று மின்னுகிற வெல்லத்துக்கு நிறம் வர ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதில் மிஞ்சும் கந்தகப் பொருள் ஈஸ்ட்டுக்கு ஆகாது.

தினமும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். காலையும் மாலையும் கிளறுவது முக்கியம். மிதக்கும் இஞ்சி காய்ந்து கிடந்தால்தான் பூஞ்சணம் பிடிக்கும், தினம் முங்கி எழுந்தால் பிடிக்காது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சேலத்துக் கோடையில் முதல் நாளே, இல்லையென்றால் இரண்டாம் நாளே நுரை வந்துவிடும். தயாராகிவிட்டது என்று ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பார்கள். குடிக்காதீர்கள். இஞ்சி மண்ணிலிருந்து வந்தது. முதலில் வரும் குமிழ்கள் மண்ணோடு வந்த வேறு பாக்டீரியாக்களின் வேலையாக இருக்கலாம், அப்போது கரைசல் இன்னும் புளித்திருக்காது. புளிப்பு ஏற ஏறத்தான் அவை ஒடுங்கி, நமக்கு வேண்டிய ஈஸ்ட்டும் (தயிரைப் புளிக்கவைக்கும் வகையான) லாக்டிக் பாக்டீரியாவும் கை ஓங்கும். நுரையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நுரையோடு புளிப்பு வாடையும் வந்து, பிஹெச் காகிதம் 4க்குக் கீழே காட்டியதும் எடுங்கள். சேலத்தில் இதற்கு 3 அல்லது 4 நாள் ஆகும், ஏற்காட்டில் ஒரு வாரம் வரை போகலாம். 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பரில் ஜாடி சும்மா உட்கார்ந்திருந்தால் கவலைப்படாதீர்கள். அடுப்படியில் கொஞ்சம் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள்.

கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டுத் தாய்க்கரைசல் வேலையையே மிச்சப்படுத்தலாம். ருசி கொஞ்சம் தட்டையாக இருக்கும். ஈஸ்ட் தனியாக அவ்வளவு புளிப்பு கொடுக்காது என்பதால் அப்போது எலுமிச்சை இரட்டிப்பாக முக்கியம்.

ஜாடிக்குள் பார்த்துப் பயப்படுவது

அடியில் வெள்ளையாகப் படிந்தால் அது ஈஸ்ட்டும் இஞ்சியின் மாவும். நல்லதுதான்.

மேலே மெலிசாக, தட்டையாக, சுருக்கம் விழுந்த வெள்ளை ஏடு படிந்தால் அது காட்டு ஈஸ்ட் வகை. ஊறுகாய் ஜாடியில் பார்த்திருப்பீர்கள். ஆபத்தில்லை, ஆனால் ருசி கெடும். அனுபவம் உள்ளவர்கள் வழித்துப் போட்டுவிட்டுத் தொடர்வார்கள். முதல் தடவை செய்கிறவர் கொட்டிவிடுவது நல்லது. பத்து ரூபாய் இஞ்சிக்காக யோசிக்க வேண்டாம்.

பஞ்சு மாதிரி மயிர் மயிராக, பச்சையோ கறுப்போ நீலமோ இருந்தால் பூஞ்சணம். இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தாலும் அதே கதிதான். மேலே மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேர் கீழே போயிருக்கும். முழுவதையும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

வாடை விஷயம்: லேசான முட்டை வாடை ஈஸ்ட் பட்டினி கிடந்தாலோ சிரமப்பட்டாலோ வருவது, சர்க்கரை போட்டுக் கிளறினால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு வாடை அடித்தால் சூடு அதிகம், ஜாடியை நிழலுக்கு மாற்றுங்கள். அழுகின மாமிச வாடையோ சாக்கடை வாடையோ வந்தால் ஆராய்ச்சி வேண்டாம், கொட்டுங்கள். இட்லி மாவைப் பார்த்தே சரியாகப் புளித்ததா, மிஞ்சிப் புளித்ததா என்று சொல்கிற மூக்கு நம் வீடுகளில் இருக்கிறது. அந்த மூக்கை இங்கேயும் நம்பலாம். ஒரே நிபந்தனை, பூஞ்சணம் தெரிந்தால் மூக்கையும் நாக்கையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

படி 3: பானம்

இரண்டு லிட்டருக்கு அளவு: நசுக்கிய இஞ்சி 100 கிராம், சர்க்கரை 120 கிராம், எலுமிச்சை 3, தாய்க்கரைசல் 100 மில்லி.

ஒரு லிட்டர் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். இங்கே தோல் சீவினாலும் சரி, சீவாவிட்டாலும் சரி. சேர்வராயன் மலை மிளகு நாலைந்து தட்டிப் போட்டால் தொண்டையில் ஒரு பிடி பிடிக்கும், எனக்குப் பிடித்த சேர்க்கை. அடுப்பை அணைத்து, சர்க்கரையைக் கரைத்து, வடிகட்டி, கொதித்து ஆறின தண்ணீர் ஊற்றி இரண்டு லிட்டர் ஆக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறின பிறகுதான் எலுமிச்சையும் தாய்க்கரைசலும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் "நுரையே வரவில்லை" என்று காத்திருப்பீர்கள். பிஹெச் ஒரு தடவை பாருங்கள். 4க்கு மேலே காட்டினால் இன்னும் ஒரு எலுமிச்சை.

குண்டானில் நாள் கணக்கில் புளிக்கவிடாமல் உடனே பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

படி 4: பாட்டில், இங்கேதான் கவனம்

கணக்கு இதுதான். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வாயு வரும். கடைச் சோடாவில் ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்று, நான்கு லிட்டர் வாயு கரைந்திருக்கிறது. நாம் லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை போட்டிருக்கிறோம். அத்தனையையும் மூடிய பாட்டிலுக்குள் தின்ன விட்டால் 15 லிட்டர் வாயு. எந்தப் பாட்டிலும் அதைத் தாங்காது. கண்ணாடியாக இருந்தால் சில்லுசில்லாகச் சிதறும், அது முகத்துக்கும் கண்ணுக்கும் நேராக வரும்.

அதே கணக்கில் ஆல்கஹாலும் இருக்கிறது. லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை செலவானால் சுமார் 0.5 சதவீதம், 17 கிராம் செலவானால் 1 சதவீதம். அந்த 8 கிராமில் இரண்டு லிட்டர் வாயு வருகிறது, மெல்லிய சுறுசுறுப்புக்கு அது போதும். அதாவது பாட்டில் விறைக்கத் தொடங்கும் நேரமும் 0.5 சதவீதக் கோட்டை நெருங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அப்போதே குளிரில் வைத்தால் இரண்டையும் பிடித்து நிறுத்திய மாதிரி. திறந்த பாத்திரத்தில் புளிக்கவிட்டால் வாயு பறந்துவிடும், ஆல்கஹால் மட்டும் உள்ளே சேரும், கையில் எந்த அடையாளமும் கிடைக்காது. குண்டானில் வைக்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான். இதுவும் மதிப்பீடுதான், ஆய்வகத் துல்லியம் இல்லை. விறைப்பாகக் கல் மாதிரி ஆகவிட்டால் கோட்டைத் தாண்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் பாட்டிலை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால் அதை விரலால் அமுக்கிப் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு ஊற்றி, மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் வையுங்கள். சேலத்தில் மார்ச் முதல் ஜூன் வரை ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன்பு சந்தேகமாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள், காலையில் எடுத்து மறுபடி வெளியே வைக்கலாம். அரை நாளிலேயே விறைத்துவிடுவதும் உண்டு. ஏற்காட்டில் இரண்டு, மூன்று நாள் பிடிக்கும், தினம் இரண்டு தடவை பார்த்தால் போதும். அமுக்கினால் கொஞ்சம் மட்டும் உள்ளே போகிறது என்ற நிலையில் ஃபிரிட்ஜ். பாறை மாதிரி ஆகிவிட்டால், துண்டைச் சுற்றி, மூடியைத் துளித் துளியாகத் திருகி வாயுவை விடுங்கள்.

கண்ணாடியில் ஊற்றினால்தான் அழகு என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு: குவார்ட்டர் பாட்டில், தேன் பாட்டில், ஜாம் பாட்டில், சதுரமான அலங்காரப் பாட்டில் எதுவும் ஆகாது. அழுத்தத்துக்கென்றே செய்த கனமான பாட்டில் வேண்டும், அதிலும் கீறல் இருக்கக்கூடாது. கூடவே அதே கரைசலை ஒரு பெட் பாட்டிலிலும் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். அது விறைத்தால் கண்ணாடியும் விறைத்ததாகக் கணக்கு. முதல் சில தடவைகளுக்கு இந்த ஆசையைத் தள்ளிப்போடச் சொல்வேன்.

படி 5: ஃபிரிட்ஜ், கரண்ட், பயணம்

ஃபிரிட்ஜ் ஈஸ்ட்டைக் கொல்லாது, தூங்கவைக்கும். முழு நாள் மின்தடை என்றால் பாட்டில்கள் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் மூடிய பாட்டில் ஒன்றுகூட வீட்டில் இருக்க வேண்டாம்.

ஏற்காட்டில் செய்து சேலத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவும் குலுக்கிக் குலுக்கி இறக்கும், கீழே வர வர சூடும் ஏறும். ஃபிரிட்ஜ் குளிரில் இருந்த பாட்டில் 35 டிகிரிக்கு வந்தால், புதிதாக எதுவும் புளிக்காமலேயே உள்ளே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

திறக்கும்போது நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாக. கமலா ஆரஞ்சுச் சாறு சேர்த்திருந்தால் இன்னும் மெதுவாக. சக்கை மிதந்தால் நுரை பீய்ச்சி அடிக்கும், நன்றாக வடிகட்டிய சாறாக ஊற்றுங்கள். சாற்றிலும் சர்க்கரை உண்டு, அதற்கு ஏற்ப சர்க்கரையைக் குறையுங்கள். ஒரு வாரத்துக்குள் குடித்து முடிப்பது நல்லது. நாளாக நாளாகப் புளிப்பும் கூடும், வாயுவும் கூடும்.

யாருக்குக் கொடுக்கக்கூடாது

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்து முடியும்வரை தள்ளி இருக்கட்டும். குடியை விட்டவர்களுக்கும், குடியை விடவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள், துளி ஆல்கஹாலும் அவர்களுக்கு ஆபத்து. மதக் காரணத்தால் ஆல்கஹால் தொடாதவர்களிடம் இதில் கொஞ்சம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சும்மா இஞ்சி ஜூஸ்தாங்க" என்று நீட்டுவது நியாயமில்லை.

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாட்டிலில் தேதியையும் "ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவும்" என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அவர்கள் அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

மிஞ்சின தாய்க்கரைசல்

எடுத்த அளவுக்குத் தண்ணீரும் ஒரு கரண்டி சர்க்கரையும் இஞ்சியும் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை தீனி போதும். அடுத்த தடவை எடுக்கும்போது ஒரு நாள் வெளியே வைத்து, நுரையும் புளிப்பும் திரும்பியதைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மாதக்கணக்கில் மறந்துபோயிருந்தால் அதை எழுப்பப் பாடுபட வேண்டாம், புது இஞ்சி வாங்கிக்கொள்ளுங்கள்.